ஹுவாங்ஷான் மலையும் பக்கத்துக் கிராமங்களும்: இருவராகப் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

ஹுவாங்ஷான் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். மலை மேல் இரண்டு இரவு தங்குங்கள், கீழே கிராமத்தில் ஓர் இரவாவது தங்குங்கள். காலையில் ரோப் காரில் ஏறி மாலையில் இறங்கிவிடும் பயணத் திட்டங்கள் நிறைய விற்கிறார்கள். அப்படிப் போனால் அந்த ஒரு நாளின் வானிலையை நம்பித்தான் இருக்க வேண்டும். இந்த மலையில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மூடுபனி.

நானும் என் கணவரும் ஏப்ரல் நடுவில் போனோம். முதல் நாள் முழுக்கத் தூறல். பத்தடி தள்ளி நிற்கிற மரம்கூடத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே இறங்க வேண்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்தது வீண்தான். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, நாங்கள் நின்ற இடத்துக்குக் கீழே மேகம் கடல்போலப் பரவிக் கிடந்தது. அதிலிருந்து பாறை முகடுகள் தீவுகளாக எட்டிப் பார்த்தன. மழை விட்ட மறுநாள்தான் மேகக் கடல் வரும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த மறுநாளுக்காகத்தான் இரண்டாவது இரவு.

எங்கே இருக்கிறது, எப்போது போவது

கிழக்குச் சீனத்தில் அன்ஹுய் மாகாணத்தின் தென்பகுதியில் இருக்கிறது ஹுவாங்ஷான். பெயருக்கு மஞ்சள் மலை என்று பொருள். பாறையோ கருங்கல், சாம்பல் நிறம். யீஷான் என்றிருந்த பெயரை கி.பி. 747-இல் தாங் வம்சப் பேரரசர் ஷுவான்சோங், புராண கால மஞ்சள் பேரரசரின் நினைவாக மாற்றினார். மிக உயர்ந்த முகடான தாமரைச் சிகரம் 1864 மீட்டர். 1990-இல் மலையும், 2000-இல் அடிவாரக் கிராமங்களான ஹோங்சுன், ஷீதி இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

மேகக் கடலுக்கு நவம்பர் முதல் மே வரை நல்ல காலம். ஏப்ரல் நடுப்பகுதியை நான் பரிந்துரைப்பேன். மலையிலுள்ள ஷீஹாய் பள்ளத்தாக்குப் பாதை குளிர்காலத்தில் மூடியிருக்கும், அது அதற்குள் திறந்துவிடும். கீழே தேயிலை பறிக்கும் பருவம். கிராமத்து வயல்களில் கடுகுப்பூ மஞ்சளும் கொஞ்சம் மிச்சமிருக்கும். நவம்பர் முதல் பாதி இன்னொரு அழகு, ஹோங்சுன் பக்கத்தில் தாச்சுவான் என்ற சிற்றூரில் மரங்கள் சிவந்து நிற்கும். போகவே கூடாத நாட்கள்: மே 1 விடுமுறை, அக்டோபர் முதல் வாரம், ஏப்ரல் தொடக்கத்தில் வரும் முன்னோர் வழிபாட்டு விடுமுறை. அந்த நாட்களில் படிக்கட்டில் நகரவே முடியாது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம்.

பணம் செலுத்த உதவும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டையும் ஊரிலேயே போனில் ஏற்றி, உங்கள் வங்கி அட்டையை இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். கிராமத்தில் அவித்த சோளம் விற்கும் பாட்டிகூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார். அப்படியும் ஐந்நூறு யுவான் ரொக்கம் கையில் இருக்கட்டும். கூகுள் சேவைகள் அங்கே வேலை செய்யாது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். வழிக்கு ஆமேப் செயலி. ஹோட்டல் பெயர், போகும் இடங்கள் எல்லாவற்றையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், டாக்ஸி ஓட்டுநரிடம் காட்டினால் போதும்.

தங்குமிடம் பதியும்போது வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று செய்தி அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் முன்பதிவு செய்திருந்த ஒரு சின்ன விடுதியில் இரவு எட்டு மணிக்குப் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டவரைப் பதிவு செய்யத் தெரியாது என்று கைவிரித்துவிட்டார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு மழையில் இன்னொரு இடம் தேடினோம். பத்து நிமிடச் செய்தியில் தவிர்த்திருக்கக்கூடிய அலைச்சல்.

முதல் நாள்: தாங்கோவ் வரை

ஹாங்சோவிலிருந்து ஹுவாங்ஷான் வடக்கு ரயில் நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். 2018 டிசம்பரில் இந்தப் பாதை திறந்த பிறகு பயணம் எளிதாகிவிட்டது. ஷாங்காயிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம் கூட ஆகும். டிக்கெட் 15 நாள் முன்னால் திறக்கும். பாஸ்போர்ட்தான் டிக்கெட், காகிதம் எதுவும் தேவையில்லை. தானியங்கி வாயில் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாயிலுக்குப் போங்கள்.

நிலையத்திலிருந்து மலையடி ஊரான தாங்கோவுக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் இரவு அங்கே. பெரிய பெட்டிகளைத் தாங்கோவ் விடுதியிலேயே விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு முதுகுப்பையோடு மட்டும் ஏற வேண்டும். மேலே ஹோட்டல் வாசல் வரை போக எல்லா வழியிலும் படிக்கட்டுதான். பையில் என்ன இருக்கலாம்? ஸ்வெட்டர், மழைக்கோட்டு, மாற்றுக் காலுறை இரண்டு, டார்ச், பவர் பேங்க், பாஸ்போர்ட், கொறிக்க ஏதாவது. குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும். ஏப்ரலிலும் விடியலில் நடுங்கவைக்கும் குளிர்.

சைவமாகச் சாப்பிடுபவர்கள் இங்கேயே பிஸ்கட், பழம், கப் நூடுல்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே எல்லாமே பல மடங்கு விலை. காரணம் கொஞ்சத்தில் வரும்.

இரண்டாம் நாள்: மேலே

காலை ஆறரைக்கே தாங்கோவ் பேருந்து நிலையத்துக்குப் போய்விடுங்கள். தனி வண்டிகளை மேலே விடுவதில்லை. பூங்காவின் பேருந்தில் யுங்கு ரோப் கார் நிலையம் வரை போகலாம், ஆளுக்கு 19 யுவான். நுழைவுக் கட்டணம் மார்ச் முதல் நவம்பர் வரை 190 யுவான், குளிர்காலத்தில் 150. ரோப் காருக்குத் தனியாக 80 யுவான். ஒரு யுவான் சுமார் 12, 13 இந்திய ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணங்களைக் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

நடந்தும் ஏறலாம். யுங்கு பாதை ஆறரை கிலோமீட்டர், மூன்று மணி நேரம். என் கணவருக்கு முட்டி வலி இருந்ததால் நாங்கள் ரோப் காரில்தான் ஏறினோம், அது நல்ல முடிவு. மேலே போன பிறகு நடக்க வேண்டியது ஏராளம். காலின் பலத்தை அதற்கு மிச்சம் வையுங்கள்.

ரோப் கார் இறக்கிவிடும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஷிஷின் முகடு. ‘நம்பத் தொடங்கும் முகடு’ என்று பொருள். இந்த மலையைப் பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் உண்மை என்று இங்கே வந்த பிறகுதான் நம்பிக்கை வருமாம். பைன் மரங்களைப் பக்கத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. மண்ணே இல்லாத பாறைப் பிளவில் வேர்விட்டு, காற்றுக்கு ஏற்பத் தலை தட்டையாக, ஒரு பக்கமாகக் கைநீட்டி நிற்கின்றன. ஹுவாங்ஷான் பைன் என்றே தாவரவியலில் தனிப் பெயர் உண்டு.

அங்கிருந்து பெய்ஹாய் பகுதிக்கு நடந்தால் ஹோட்டல். பெய்ஹாய், ஷிலின், ஷீஹாய், பாய்யுன் என்று மேலே பல ஹோட்டல்கள் உண்டு. இருவருக்கான அறை வார இறுதியில் ஆயிரம் யுவானைத் தாண்டும். இரண்டு இரவும் ஒரே இடத்தில் பதிந்தால் மறுநாள் பையில்லாமல் நடக்கலாம். சூரிய உதயம் பார்க்கும் இடத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவில் பெய்ஹாய் பகுதி இருப்பதால் என் ஓட்டு அதற்குத்தான். அறையில் தடித்த கோட்டு இருக்கும், உதயம் பார்க்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். ஹோட்டலுக்குத் தேவையான அரிசி, முட்டைக்கோஸ், குடிநீர் பாட்டில், படுக்கை விரிப்பு எனப் பலவற்றையும் சுமைதூக்கிகள் தோளில் சுமந்து படியேறிக் கொண்டுவருகிறார்கள். அழுக்குத் துணியும் குப்பையும் அதே தோளில் கீழே இறங்கும். காவடி மாதிரி ஒரு மூங்கில் தண்டு, இரு முனையிலும் பாரம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் எங்களுக்கு முன்னால் நின்றார். பாரத்தை இறக்கவில்லை. கையிலிருந்த தடியைத் தண்டுக்குக் கீழே செங்குத்தாக முட்டுக்கொடுத்தார், பாரம் தடிமேல் நின்றது, தோள் மட்டும் வெளியே வந்தது. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, அரை நிமிடத்தில் மறுபடி தோளைக் கொடுத்து நடந்தார். அன்று இரவு ஹோட்டலில் ஒரு தட்டு முட்டைக்கோஸ் பொரியலுக்குக் கொடுத்த காசு எனக்கு அதிகமாகப் படவில்லை. அவர்கள் வரும்போது படியின் உள்பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள், நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள்: உதயமும் பள்ளத்தாக்கும்

சூரிய உதயத்துக்குச் சிங்லியாங் தாய் என்ற பாறைமேடை பெயர்பெற்றது. இடம் பிடிக்க முக்கால் மணி நேரம் முன்னால் போக வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்கள் இன்னும் கொஞ்சம் மேலேறிச் சிங்க முகட்டுக்குப் போகலாம். அங்கே குரங்கு உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு பாறை, பெயர் ‘கடலைப் பார்க்கும் குரங்கு’. மேகக் கடல் வந்த நாளில்தான் அந்தப் பெயரின் பொருள் விளங்கும். உதயம் முடிந்தவுடன் எல்லோரும் காலை உணவுக்கு ஓடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். வெயில் ஏறும்போது மேகம் அசையத் தொடங்கும், ஒரு முகட்டின் மேல் வழிந்து அடுத்த பள்ளத்தில் அருவியாக இறங்கும். “என்னங்க, அங்க பாருங்க, தண்ணி மாதிரியே ஊத்துது” என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இருபது நிமிடத்துக்காக மட்டுமே இன்னொரு முறை போவேன்.

சாப்பிட்டுவிட்டு ஷீஹாய் பள்ளத்தாக்கு. இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த பாதை இதுதான், பலர் நேரமில்லாமல் விட்டுவிடுவதும் இதைத்தான். பாய்யுன் மண்டபத்திலிருந்து இறங்கத் தொடங்குங்கள். செங்குத்துப் பாறையில் துளையிட்டு, காங்கிரீட் பலகை பொருத்தி, அந்தரத்தில் தொங்குவதுபோலப் படிகள் போகின்றன. முதல் வளையம், இரண்டாம் வளையம், அப்புறம் பள்ளத்தின் அடி. அங்கிருந்து பழனி விஞ்ச் மாதிரி ஒரு சரிவு ரயில் மேலே ஏற்றிவிடும், அதற்கு 100 யுவான். இந்தத் திசையில் போனால் இறக்கம் முழுவதும் நடை, ஏற்றம் முழுவதும் ரயில். எதிர்த்திசையில் போனால் ஆயிரக்கணக்கான படிகள் ஏற வேண்டும். நாலு, ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். சரிவு ரயில் ஓடுகிறதா என்று ஹோட்டலில் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இருவரில் ஒருவருக்கு உயரம் பயமாக இருந்தாலோ முட்டி ஒத்துழைக்காவிட்டாலோ, முதல் வளையத்தை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புங்கள். அதிலேயே பள்ளத்தாக்கின் அழகு பாதி வந்துவிடும். நாங்கள் மெதுவாக முழுப் பாதையும் போனோம், தாங்கோவில் வாங்கிய மூங்கில் கைத்தடி அவர் முட்டியைக் காப்பாற்றியது. இறக்கத்தில் பக்கவாட்டாகக் கால்வைத்து இறங்கினால் வலி குறையும்.

ரயில் விட்ட இடத்திலிருந்து க்வாங்மிங் திங் என்ற ஒளி முகடு (1860 மீட்டர்), அங்கிருந்து ‘பறந்து வந்த பாறை’. பன்னிரண்டு மீட்டர் உயரக் கல், அடியில் கொஞ்சமே ஒட்டிக்கொண்டு விளிம்பில் நிற்கிறது. மாலைக்குள் பாய்யுன் மண்டபத்துக்கே வந்துவிடலாம், அஸ்தமனம் பார்க்க நல்ல இடம்.

நான்காம் நாள்: விருந்தினரை வரவேற்கும் மரம்

இறங்குவது வேறு வழியில். ஒளி முகட்டைத் தாண்டித் தெற்கே நடந்தால் ‘ஒற்றைக் கோட்டு வானம்’ என்ற பாறை இடுக்கு வரும், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அதற்கப்புறம் நூறு படி மேக ஏணி. தாமரைச் சிகரமும் தியென்து சிகரமும் இந்தப் பக்கம்தான். செடிகொடிகள் தழைக்க அவகாசம் கொடுத்து இரண்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி மூடுகிறார்கள். எது திறந்திருக்கிறதோ அதில் ஏறலாம், கட்டாயமில்லை. மழை பெய்தால் ஏறவே வேண்டாம்.

வழியெங்கும் கம்பிச் சங்கிலிகளில் துருப்பிடித்த பூட்டுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். கணவன் மனைவியோ காதலர்களோ பெயர் பொறித்த பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைப் பள்ளத்தில் எறிவது இங்கே வழக்கம். நாங்கள் போடவில்லை. பூட்டுகளின் பாரம் தாங்கும் அந்தச் சங்கிலிதான் நாம் பிடித்து நடக்கும் கைப்பிடி, அது இலேசாகவே இருக்கட்டும்.

அடுத்து வரும் யுபிங் என்ற இடத்தில் நிற்கிறது வரவேற்கும் பைன். ஏறக்குறைய பத்து மீட்டர் உயரம், பல நூறு ஆண்டு வயது, ஒரு பக்கக் கிளை ‘உள்ளே வாங்க’ என்று கைகாட்டுவதுபோல நீண்டிருக்கும். இந்த ஒரு மரத்துக்கு 1980களிலிருந்து தனிக் காவலர் உண்டு. பக்கத்திலேயே தங்கி, கிளை, பட்டை, முட்டுக்கம்பு எல்லாவற்றையும் நாள் முழுவதும் பலமுறை பார்த்துக் குறிப்பெழுதுகிறார். படம் எடுக்க வரிசை இருக்கும், காலை ஒன்பதுக்குள் வந்தால் குறைவு. பிறகு யுபிங் ரோப் காரில் (90 யுவான்) இறங்கி, பேருந்தில் தாங்கோவ். பெட்டியை எடுத்துக்கொண்டு ஹோங்சுன் பேருந்து பிடியுங்கள், ஒரு மணி நேரம்.

ஹோங்சுன்: ஓர் இரவு

வாங் குலத்தார் 1131-இல் குடியேறிய ஊர். மாட்டின் உடம்பைப் போல ஊரை அமைத்தார்கள் என்பார்கள். மலை தலை, இரண்டு பெரிய மரங்கள் கொம்பு, தெருவெல்லாம் வளைந்தோடும் வாய்க்கால் குடல், நடுவில் பிறைக் குளம் இரைப்பை, ஊருக்கு வெளியே தென்னேரி வயிறு. குளத்தை வெட்டியது பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். குலத்தலைவர் வெளியூரில் இருந்தபோது அவர் மனைவி ஹு சோங் முன்னின்று செய்த வேலை அது. முழுநிலா தேயும், பிறை வளரும் என்பதால் அரைவட்டமாக விட்டார்களாம். குளக்கரையில் உள்ள குலக்கோயிலில் அந்த அம்மாளின் படம் இருக்கிறது, பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

காலை எட்டு மணி வரை வாய்க்காலில் குடிநீர் மட்டுமே எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காய்கறி கழுவுவதும் துணி துவைப்பதும் என்பது பழைய ஊர்க்கட்டு. இப்போது குழாய் வந்துவிட்டது. ஆனாலும் வாசல்படிக்குக் கீழே ஓடும் நீரில் குந்தி உட்கார்ந்து கீரை அலசும் பெண்களைப் பார்க்கலாம்.

நுழைவுச்சீட்டு 104 யுவான். ஊருக்குள்ளேயே பழைய வீட்டு விடுதியில் தங்குங்கள். பகலில் சுற்றுலாக் குழுக்களின் ஒலிபெருக்கி காதைப் பிளக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் ஊர் அமைதியாகிவிடும். விடிந்ததும் பிறைக் குளத்தில் வெள்ளைச் சுவரும் கருப்பு ஓடும் அப்படியே தலைகீழாகத் தெரியும், கரையில் இரண்டு, மூன்று பேர்தான் இருப்பார்கள்.

சாப்பாட்டில் முடி டோஃபு உண்டு. வெள்ளைப் பூஞ்சை முடிபோல வளரவிட்டு எண்ணெயில் பொரித்து மிளகாய்ச் சாந்தோடு தருவார்கள். சைவக்காரர்களுக்கு நல்ல செய்தி இது. ஆனால் தெருவில் விற்கும் சின்ன மொறுமொறு ரொட்டியில் பன்றிக்கொழுப்பு இருக்கும், கேட்டு வாங்குங்கள். ‘வோ ச்சி சூ’ என்றால் நான் சைவம் என்று பொருள். ‘இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு வேண்டாம்’ என்று சீனத்தில் எழுதிக் காட்டுவது இன்னும் நம்பகமானது.

ஐந்தாம் நாள்: ஷீதியில் அரை மேசை

ஹோங்சுனிலிருந்து ஷீதி டாக்ஸியில் அரை மணி நேரம். இதற்கும் 104 யுவான். இங்கே ஹு குலத்தார். ஊர் வாசலில் 1578-இல் கட்டிய கல் தோரணம், உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட பழைய வீடுகள். ஹோங்சுனை விடக் கூட்டம் குறைவு.

ஒரே ஒரு வீட்டையாவது அவசரமில்லாமல் பாருங்கள். வெளிச்சுவர் உயரம், சன்னல் சின்னது. பக்கத்து வீட்டுத் தீ தாவாமலிருக்கப் படிப்படியாக உயரும் குதிரைத்தலைச் சுவர்கள். உள்ளே முற்றம், நாலு பக்கக் கூரை மழைநீரும் அதில்தான் விழும். நீர் செல்வம் என்பதால் வெளியே போகக் கூடாதாம். கூடத்து மேசையில் நடுவில் கடிகாரம், கிழக்கே ஜாடி, மேற்கே கண்ணாடி. கடிகார ஓசை, ஜாடி, கண்ணாடி மூன்றின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் சீனத்தில் ‘ஆயுள் முழுக்க அமைதி’ என்று ஒலிக்கும்.

சுவரோரம் அரைவட்ட மேசை போட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு பாதி. இந்தப் பகுதி ஆண்கள் உப்பு, தேயிலை, அடகு வியாபாரத்துக்காகப் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே வெளியூர் அனுப்பப்பட்டார்கள். கல்யாணம் முடிந்தும் ஆண்டுக்கணக்கில் வரமாட்டார்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் மேசை பிரிந்தே கிடக்கும். அவர் திரும்பிய பிறகுதான் இரண்டையும் சேர்த்து வட்டமாக்குவார்கள். விருந்தினர் வாசலில் நின்றே புரிந்துகொண்டு, ஆண் இல்லாத வீட்டுக்குள் வராமல் போய்விடுவார்களாம். மேசையின் வெட்டு விளிம்பை நான் கையால் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. நாங்கள் இருவரும் அந்தக் கூடத்தில் வெகுநேரம் நின்றோம்.

நேரம் இருந்தால் தாங்யுவே ஊரின் ஏழு கல் தோரணங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கணவனை இழந்து தனித்தே வாழ்ந்த பெண்களுக்காக எழுப்பியவையும் அவற்றில் உண்டு. மேசையைப் பார்த்த பிறகு அவற்றைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

ஆறாம் நாள்: துன்ஷியும் திரும்புதலும்

கடைசி இரவுக்குத் துன்ஷி நகரின் பழைய தெரு. மை, மை அரைக்கும் கல், தேயிலைக் கடைகள் வரிசையாக இருக்கும். இந்த மலையின் பச்சைத் தேயிலை மாவ்ஃபெங், பக்கத்து மாவட்டமான சிமெனின் கருப்புத் தேயிலை, நீண்டு தட்டையான இலை கொண்ட தாய்பிங் ஹோவ்குய் மூன்றும் இங்கே கிடைக்கும். குடித்துப் பார்த்துவிட்டு ஐம்பது கிராம் ஐம்பது கிராமாக வாங்குங்கள். ஏப்ரல் என்றால் அந்த வருடத்துப் புது இலையா என்று கேளுங்கள். அங்கிருந்து வடக்கு நிலையம் டாக்ஸியில் போகும் தூரம்தான்.

ஒரு கண்ணாடி டம்ளரும் வாங்கிக்கொள்ளுங்கள். சீன அதிவேக ரயிலில் பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் குழாய் உண்டு, காசு கிடையாது. நாலைந்து ஹோவ்குய் இலையைப் போட்டு நீர் ஊற்றினால் அவை டம்ளருக்குள் நிமிர்ந்து நிற்கும். ஹாங்சோ வரும் வரை ஒரே டம்ளரில் மூன்று முறை நீர் ஊற்றி, மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டே வந்தோம்.